வால் நுனியைக் காட்டு, விமானத்தைச் சொல்கிறேன்

வேலூர் காந்தி ரோட்டுப் பக்கம் பாஸ்போர்ட் சைஸ் போட்டோ எடுத்து வெட்டிக் கொடுப்பது என் பிழைப்பு. ஜெராக்ஸ், லேமினேஷன், ரயில் டிக்கெட் பிரிண்ட் அவுட் எல்லாம் இருந்தாலும், கடை வாடகையைக் கட்டுவது அந்த 35க்கு 45 மில்லிமீட்டர் முகம்தான். பகல் முழுக்க முகம் வெட்டும் கை, ஷட்டரை இழுத்து விட்டதும் விமானம் வெட்ட ஆரம்பித்துவிடும்.

விளையாட்டு ரொம்பச் சாதாரணம். ஒரு விமானத்தின் முழுப் படத்தை எடுத்து, அதில் ஒரு சின்னத் துண்டை மட்டும் வெட்டி நீட்ட வேண்டும். ஒரு சக்கரம், ஒரு ஜன்னல், வாலின் நுனி, இன்ஜினின் அடிப்பகுதி, ஏதோ ஒன்று. எதிரே இருப்பவர் அது எந்த விமானம் என்று சொல்ல வேண்டும். ஆடுபவர்கள் நானும் என் அக்கா பெண்ணும். அவள் எட்டாம் வகுப்பு. சத்துவாச்சாரியில் எங்கள் வீட்டுக்கு மாடியில்தான் அக்கா குடியிருக்கிறாள். அப்புறம் கொல்கத்தாவிலிருந்து ஒரு பெரியவர் சேர்ந்தார். அவரைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

எனக்கு இந்தப் பைத்தியம் பிடித்த இடம் அரக்கோணம். நான் பிறந்து வளர்ந்த ஊர். இரண்டாம் உலகப் போர்க் காலத்து ஓடுபாதை ஒன்று அங்கே இருந்தது. அந்த இடத்தில்தான் 1992 மார்ச்சில் கடற்படையின் ஐ.என்.எஸ். ராஜாளி தொடங்கியது. அப்போது எங்கள் ஊர் வட ஆற்காடு அம்பேத்கர் மாவட்டம். பிறகு வேலூர் மாவட்டம். 2019இல் இருந்து ராணிப்பேட்டை மாவட்டம். ஊர் இருந்த இடத்திலேயே இருக்கிறது, பலகைதான் மாறிக்கொண்டே வந்தது. ராஜாளிக்குக் கோவாவிலிருந்து வந்து சேர்ந்தவை துபொலேவ் 142 விமானங்கள். ரஷ்யத் தயாரிப்பு, கடலுக்கடியில் நீர்மூழ்கிகளைத் தேடுகிற ராட்சதம். நாலு இன்ஜின், ஒவ்வொரு இன்ஜினிலும் ஒன்றன் பின் ஒன்றாக இரண்டு புரொப்பெல்லர். முன்னது ஒரு பக்கம் சுற்றினால் பின்னது எதிர்ப்பக்கம் சுற்றும். அது வருகிறது என்பது கண்ணுக்குத் தெரிவதற்கு வெகுநேரம் முன்பே காதுக்குத் தெரிந்துவிடும். வகுப்பில் வாத்தியார் பாடத்தை நிறுத்திவிட்டுக் காத்திருப்பார்.

ஆனால் முழுசாகப் பார்ப்பது அபூர்வம். பள்ளிக்கூடத்து வேப்பமரத்துக்கும் ஓட்டுக்கூரைக்கும் நடுவில் இறக்கையின் ஒரு பகுதி போகும், அல்லது வால் மட்டும் போகும். மிச்சத்தை மனசு நிரப்பிக்கொள்ளும். புரொப்பெல்லர் விமானத்துக்குப் பொதுவாக நேரான இறக்கைதான் இருக்கும். இதற்கோ ஜெட் மாதிரி பின்னோக்கிச் சாய்ந்த இறக்கை. அந்தச் சாய்வும் அந்தப் புரொப்பெல்லரும் ஒரே துண்டில் தெரிந்தால் போதும், வேறு விமானமாக இருக்க வாய்ப்பு மிகக் குறைவு. அந்த ஜாதியில் உலகத்தில் இருப்பதே துபொலேவ் குடும்பத்து ஓரிரு வகைகள்தான். 2017 மார்ச் 29 அன்று அரக்கோணத்தில் அவற்றுக்கு விடைகொடுத்தார்கள். ஒன்றை விசாகப்பட்டினம் கடற்கரையில் அருங்காட்சியகமாக்கி வைத்திருக்கிறார்கள். அக்கா பெண்ணைக் கூட்டிப் போய்க் காட்ட வேண்டும் என்று ஆசை, இன்னும் வாய்க்கவில்லை.

ஒன்று சொல்லிவிடுகிறேன். ராஜாளி பக்கம் கேமராவைத் தூக்கிக்கொண்டு போகும் வேலை எங்களுக்குக் கிடையாது. அது பாதுகாக்கப்பட்ட இடம். எங்கள் துண்டுகள் எல்லாம் கடற்படையும் கம்பெனிகளும் தாங்களே வெளியிட்ட படங்களிலிருந்தும், பெங்களூரு யலஹங்காவில் நடக்கும் ஏரோ இந்தியா விமானக் கண்காட்சிக்குப் போய் வந்த சிநேகிதர்கள் எடுத்த படங்களிலிருந்தும் வெட்டியவை.

சரி, ஆட்டத்துக்கு வருவோம். பார்க்கிறவர்கள் எல்லாம் கண்டுபிடிப்பதுதான் திறமை என்று நினைக்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. திறமை வெட்டுவதில் இருக்கிறது. வெறும் வெள்ளைத் தகரத்தை வெட்டி நீட்டினால் யாராலும் சொல்ல முடியாது. ஜெயித்தோம் என்று சிரிக்கலாம், ஆனால் அது ஆட்டமே இல்லை. விடை அந்தத் துண்டுக்குள்ளேயே இருக்க வேண்டும். இருந்தும் சட்டென்று கண்ணில் படக் கூடாது. இந்த இரண்டுக்கும் நடுவில் கட்டரை வைக்கத் தெரிந்தவர்தான் நல்ல ஆட்டக்காரர்.

அதனால் எங்களிடம் சில கட்டுப்பாடுகள் உண்டு. படத்தைக் கறுப்பு வெள்ளை ஆக்கிவிட வேண்டும், இல்லாவிட்டால் இண்டிகோவின் நீலத்தைப் பார்த்தே பாதி விடையைச் சொல்லிவிடுவாள். வி.டி. என்று தொடங்கும் பதிவெழுத்தை மறைக்க வேண்டும். போனில் படத்தைக் காட்டித் தேடக் கூடாது. முக்கியமானது இது: விமானத்தின் பெயரைச் சொல்லும் முன் காரணத்தைச் சொல்ல வேண்டும். காரணம் இல்லாமல் சரியான பெயரைச் சொன்னால் பாதி மதிப்பெண். காரணம் சரியாக இருந்து பெயர் பக்கத்தில் போய் விழுந்தாலும் அதே பாதி.

ஆரம்பத்தில் நான் அவளுக்குக் கொடுத்தவை எல்லாம் ஏர்பஸ் ஏ320, போயிங் 737 இரண்டும்தான். நம் தலைக்கு மேல் தினமும் போகிறவை. கைக்காரர்களுக்கு இது குழந்தை விளையாட்டு, தெரியாதவர்களுக்கு இரண்டும் ஒரே விமானம். பைலட் கண்ணாடியை வெட்டிக் கொடுத்தேன். ஏ320இல் கடைசிப் பக்கக் கண்ணாடியின் மேல் மூலை, பின்பக்கம், சரிவாக வெட்டுப்பட்டிருக்கும். 737இல் பக்கக் கண்ணாடிகளின் கீழ் விளிம்பு நேர்கோடாக ஓடாமல் நடுவில் கூராகக் கீழே இறங்கும். வாலடியை வெட்டினால் இன்னும் சுலபம். 737இன் முதுகில், வால் நிமிரும் முன்பே ஒரு சின்ன முக்கோணம் ஏற ஆரம்பிக்கும். ஏ320இல் வால் முதுகிலிருந்து நேராகக் கிளம்பிவிடும்.

அவளுக்கு ரொம்பப் பிடித்தது 737இன் இன்ஜின். முன்னாலிருந்து பார்த்தால் வட்டமாக இருக்காது. போண்டா மாவு உருண்டையைத் தட்டில் வைத்த மாதிரி அடிப்பக்கம் சப்பையாக இருக்கும். “ஏன் மாமா இப்படி நசுங்கியிருக்கு?” என்றாள். இந்தக் கேள்விக்காகத்தான் நான் அந்தத் துண்டையே வெட்டினேன். 737 முதன்முதலில் பறந்தது 1967இல். அப்போது பெரிய வசதிகள் இல்லாத சின்ன விமான நிலையங்களிலும் ஆட்கள் கையாலேயே பெட்டிகளை ஏற்றி இறக்க வேண்டும் என்பதால் தரைக்கு மிக அருகில் நிற்கிற மாதிரி செய்தார்கள். இன்ஜினும் அப்போது ஒல்லியானது, இறக்கையின் அடியில் அடங்கிவிட்டது. 1980களில் சி.எஃப்.எம்.56 என்ற பருத்த இன்ஜினை மாட்ட வேண்டி வந்தபோது தரைக்கும் இன்ஜினுக்கும் நடுவில் இடம் போதவில்லை. அடியில் தொங்கிய துணைக் கருவிகளைப் பக்கவாட்டுக்கு நகர்த்தி, கூட்டின் அடியைச் சப்பையாக்கினார்கள். பெட்டி தூக்கும் ஆளின் உயரத்துக்காக எடுத்த ஒரு முடிவு, இத்தனை வருடம் கழித்து வேலூரில் ஒரு பெண்ணுக்கு முழு மதிப்பெண் வாங்கித் தருகிறது.

இதே குள்ள உடம்பால் வந்த இன்னொரு அடையாளமும் உண்டு. 737இன் பிரதான சக்கரங்களுக்கு முழு மூடி கிடையாது. உள்ளே மடங்கிய பிறகும் சக்கரத்தின் வெளிப்பக்கம் வயிற்றில் அப்படியே தெரியும். மாலை வெளிச்சம் வாகாக இருந்தால், சென்னைக்கு இறங்கிக்கொண்டிருக்கும் விமானத்தை மொட்டை மாடியிலிருந்து பைனாகுலரில் பார்க்கும்போது வயிற்றில் இரண்டு கறுப்பு வட்டம் தெரியும். தெரிந்தால் 737. இதைக் கண்டுபிடித்த நாளிலிருந்து அவள் துணி காயப் போடுவதற்கு அக்காவிடம் தானே முன்வந்து மாடிக்குப் போகிறாள். அக்காவுக்குக் காரணம் தெரியாது, சந்தோஷமாக இருக்கிறாள்.

அவளுக்கு 737 பழகிவிட்டது என்று தெரிந்ததும் பி-8ஐ விமானத்தை வெட்டி வைத்தேன். துபொலேவுக்குப் பதிலாக ராஜாளிக்கு வந்தது இதுதான். முதல் விமானம் 2013 மே மாதம் அரக்கோணத்தில் இறங்கியது. உடம்பு போயிங் 737-800உடையது, இறக்கை 737-900 வகையைச் சேர்ந்தது. மூக்கை மட்டும் வெட்டினால் பிரித்துச் சொல்வது பெரும்பாடு. நான் வெட்டியது உடம்பின் நடுப்பகுதி. வரிசையாக ஜன்னல் இருக்க வேண்டிய இடம் மூடிக் கிடக்கும். அவள் வெகுநேரம் பார்த்துவிட்டு, “737 சரக்கு விமானம்” என்றாள். காரணம் நல்ல காரணம், பாதி கொடுத்தேன். அடுத்த துண்டாக இறக்கை நுனியைக் கொடுத்தேன். பயணிகள் 737இல் நுனி மேல்நோக்கி மடிந்து நிற்கும். பி-8இல் மடிப்பு இல்லை, நுனி பின்னோக்கிச் சாய்ந்து கூராக முடியும். மூன்றாவது துண்டு வால் கடைசி. அங்கே ஒரு நீளக் கம்பு நீட்டிக்கொண்டிருக்கும். நீர்மூழ்கியின் இரும்பு உடம்பு பூமியின் காந்தப் புலத்தில் உண்டாக்கும் சின்னக் கலவரத்தை மோப்பம் பிடிக்கும் கருவி அதற்குள் இருக்கிறது. விமானத்தின் சொந்த இரும்பும் மின்சாரமும் குறுக்கே வரக் கூடாது என்பதால்தான் அவ்வளவு தள்ளி வைத்திருக்கிறார்கள். அமெரிக்கக் கடற்படையின் பி-8ஏ விமானத்தில் இந்தக் கம்பு கிடையாது, நம்முடையதில் உண்டு. ஆக, அந்த ஒரு துண்டு விமானத்தை மட்டும் சொல்லவில்லை, அது எந்த நாட்டுடையது என்பதையும் சொல்லிவிடுகிறது. நான் வெட்டியதிலேயே எனக்குப் பிடித்த துண்டு அதுதான்.

கொல்கத்தாப் பெரியவர் வந்தது இந்தச் சமயத்தில். காந்தி ரோட்டைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: சி.எம்.சி. மருத்துவமனைக்கு வரும் வங்காளக் குடும்பங்கள் வாரக்கணக்கில் லாட்ஜில் தங்குவார்கள், கடைப் பலகைகளில் வங்காள எழுத்து இருக்கும், எங்கள் பக்கத்துக் கடை இட்லிக்காரர் வங்காளத்தில் கணக்குச் சொல்வார். பெரியவர் மனைவியின் சிகிச்சைக்காக வந்திருந்தார். ரிப்போர்ட்டுகளை ஜெராக்ஸ் எடுக்க வந்தவர், கல்லாப் பக்கம் கிடந்த துண்டுகளைப் பார்த்து ஒன்றை எடுத்தார். மூலை மழுங்கிய முக்கோண ஜன்னல். நான் அக்கா பெண்ணை மடக்க வைத்திருந்தது.

“கேரவெல்,” என்றார். பழைய பிரெஞ்சு ஜெட் பயணிகள் விமானம் அது, சரியான விடை. காசு கொடுத்துவிட்டுக் கிளம்பப் பார்த்தார்.

விடவில்லை, ஸ்டூலைப் போட்டு உட்கார வைத்தேன். டம்டம் விமான நிலையத்தில் இன்ஜின் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவராம். அவருக்குக் கொஞ்சம் இந்தி, கொஞ்சம் ஆங்கிலம். எனக்கு அதிலும் கொஞ்சம். காந்தி ரோட்டு வழக்கப்படி நான் தாதா என்றேன், வங்காளத்தில் அண்ணன் என்று அர்த்தம், அவர் என்னைத் தம்பி என்று கூப்பிடக் கற்றுக்கொண்டார். சாயங்காலம் மனைவியை அறையில் தூங்க வைத்துவிட்டுக் கடைக்கு வர ஆரம்பித்தார்.

அவரால்தான் எங்கள் ஆட்டம் பழைய காலத்துக்குப் போனது. ரோல்ஸ் ராய்ஸ் டார்ட் என்று ஒரு இன்ஜின். புரொப்பெல்லரைச் சுழற்றும் டர்பைன். இந்தியன் ஏர்லைன்ஸிலேயே மூன்று வகை விமானங்களில் அது இருந்தது: விக்கர்ஸ் வைகவுண்ட், ஃபோக்கர் எஃப்27, கான்பூரில் நம் அரசு விமானக் கம்பெனி எச்.ஏ.எல். கட்டிய அவ்ரோ 748. டார்ட் இன்ஜினை மட்டும் வெட்டிக் கொடுத்தால் மூன்றில் எது? தாதா ஒரு பழைய படத்தைப் போனில் காட்டி, கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் மற்றதை மறைத்துக்கொண்டு கேட்டார். நான் முழித்தேன். இன்ஜினைப் பார்க்காதே, இறக்கை அதோடு சேருகிற இடத்தைப் பார் என்றார். ஃபோக்கரில் இறக்கை உடம்பின் உச்சியில் இருக்கும், இன்ஜின் அதன் அடியில் தொங்கும், சக்கரமும் அந்த இன்ஜின் கூட்டிலிருந்தே நீளமாக இறங்கும். அவ்ரோவில் இறக்கை கீழே இருப்பதால் புரொப்பெல்லர் தரையில் இடிக்காமல் இருக்க, இன்ஜின் இறக்கைக்கு மேலே ஏறி உட்கார்ந்திருக்கும். வைகவுண்டில் அதே பக்கத்தில் இன்னொரு டார்ட் இருக்கும், அதன் மூக்காவது துண்டின் ஓரத்தில் எட்டிப்பார்க்கும். அன்றிலிருந்து எங்கள் துண்டுகளில் ஏதாவது ஒரு மூட்டு இருந்தே ஆக வேண்டும் என்று விதி போட்டோம். இரண்டு பாகம் சேருகிற இடத்தில்தான் அதைச் செய்தவர் பட்ட பாடு தெரிகிறது.

அவரே ஒருநாள் பெரிய பஞ்சாயத்தைக் கிளப்பிவிட்டார். மூக்கு மட்டும் தெரிகிற ஒரு கறுப்பு வெள்ளைத் துண்டு. அக்கா பெண் ஒரு வாரம் எங்கெங்கோ தேடிப் படித்து, “டி ஹாவிலாண்ட் காமெட்” என்று காரணத்தோடு வந்து நின்றாள். உலகத்தின் முதல் ஜெட் பயணிகள் விமானம், 1949இல் பறந்தது, மூக்கு இப்படி வழவழவென்று இருக்கும் என்றாள். தாதா தலையாட்டிவிட்டு, இது கேரவெல் என்றார். அவள் முகம் சுருங்கிவிட்டது. விஷயம் என்னவென்றால், பிரெஞ்சுக்காரர்கள் கேரவெல்லைச் செய்தபோது காமெட்டின் மூக்கு வடிவத்தையே உரிமம் வாங்கிப் போட்டுக்கொண்டார்கள். மூக்கை மட்டும் காட்டினால் இரண்டும் ஒன்றுதான். அந்த முக்கோண ஜன்னல்களில் ஒன்றாவது துண்டில் இருந்திருக்க வேண்டும். தாதா வேண்டுமென்றேதான் அதை விட்டு வெட்டியிருந்தார், சோதிப்பதற்காக. இது நியாயமான துண்டு இல்லை என்று நான் தீர்ப்புச் சொல்லி அவளுக்கு முழு மதிப்பெண் கொடுத்தேன். அவர் ஏற்றுக்கொண்டார், ஆனால் அந்தச் சிரிப்பு போகவில்லை.

இந்த மாதிரித் துண்டுகளில் நவீன காலத்து வில்லன், இன்ஜின் கூட்டின் பின் விளிம்பில் இருக்கும் ரம்பப் பல் வரிசை. வேகமாக வெளியேறும் காற்றும் சுற்றியுள்ள காற்றும் மெல்லக் கலந்து சத்தம் குறையட்டும் என்று வைத்தது. பல்லைப் பார்த்ததும் எல்லோரும் போயிங் 787 என்று குதிப்பார்கள். ஆனால் 747-8க்கும் உண்டு, 737 மேக்ஸுக்கும் உண்டு. எனவே பல்லை மட்டும் வெட்டுவது அழுகுணி ஆட்டம். பல்லோடு சேர்த்து இறக்கையின் ஒரு கீற்றையும் தரைக்கு இருக்கும் தூரத்தையும் காட்டினால்தான் நியாயம். 777 இந்த விஷயத்தில் தங்கமான விமானம், எங்கே வெட்டினாலும் தன்னைக் காட்டிக்கொடுத்துவிடும். வால் கடைசி கூம்பாக இல்லாமல் பக்கவாட்டில் நசுங்கித் தட்டையாக முடியும். பிரதான சக்கரக் கொத்தில் ஆறு சக்கரம். ஆறைப் பார்த்து 777 என்று சொல்பவரை மடக்க வேண்டுமென்றால் ஏ350-1000ஐ வைக்கலாம், அதற்கும் ஆறுதான். நாலு சக்கரக் கொத்தில் எனக்குப் பிரியமானது 767. தரையிறங்க வரும்போது படம் எடுத்தால் பெரும்பாலான பெரிய விமானங்களில் பின் சக்கரங்கள் தாழ்ந்து தொங்கும், இதில் முன் சக்கரங்கள் தாழ்ந்திருக்கும். மடித்து வைக்கும் குழிக்குள் அடங்குவதற்காக அப்படி. வெறும் நாலு டயர்தான் துண்டில் இருக்கும், ஆனால் விடை உள்ளே இருக்கிறது.

போர் விமானங்களில் எனக்கு அவ்வளவு ஈடுபாடு இல்லை. அவளுக்கு உண்டு, அதனால் வெட்டுகிறேன். மிக்-21இன் மூக்கில் காற்றுத் துளையும் நடுவில் கூம்பும் இருக்கும், யாரும் சொல்லிவிடுவார்கள். 2025 செப்டம்பர் 26இல் சண்டிகரில் அதற்கு விடைகொடுத்தபோது டி.வி. முழுக்க அந்த மூக்கைத்தான் காட்டினார்கள். தேஜஸும் மிராஜ் 2000மும் இரண்டுமே முக்கோண இறக்கை, பின்னால் கிடைமட்ட வால் இல்லை. மிராஜின் காற்றுத் துளை ஒவ்வொன்றிலும் அரைக்கூம்பு ஒன்று இருக்கும், தேஜஸில் இருக்காது. தேஜஸின் இறக்கை விளிம்பு நடுவழியில் கோணம் மாறும், மிராஜில் ஒரே கோடு. முடிந்தது.

பெரிய சண்டை ஒன்று நானும் தாதாவும் போட்டோம். இப்படித் துண்டு துண்டாகப் பார்த்து எந்த மெக்கானிக்கும் விமானத்தை அடையாளம் காண்பதில்லை என்பது அவர் கட்சி. மொத்தமாக ஒரு நொடி பார்த்தால் தெரியும், அவ்வளவுதான் என்றார். அதைப் பற்றிப் படிக்கப் போய்த்தான் தெரிந்தது, இந்தச் சண்டை எங்களுக்கு முன்பே நடந்து முடிந்திருக்கிறது. இரண்டாம் உலகப் போரில் இது விளையாட்டாக இல்லை. போர் தொடங்கிய சில நாளிலேயே, 1939 செப்டம்பர் 6 அன்று, பிரிட்டனின் ஸ்பிட்ஃபயர் விமானங்கள் தங்கள் நாட்டு ஹரிக்கேன் விமானங்கள் இரண்டையே எதிரி என்று சுட்டு வீழ்த்தின. ஒரு விமானி இறந்தார். அப்புறம் நிழலுருவப் படங்கள் அச்சிட்ட அட்டைகள், சீட்டுக்கட்டுகள், சுவரொட்டிகள் என்று மக்களுக்கும் வீரர்களுக்கும் பாடம் நடந்தது. இறக்கை, இன்ஜின், உடல், வால் என்று ஒவ்வொன்றாகச் சரிபார்க்கும் முறை ஒன்று இருந்தது. ஆங்கில முதலெழுத்துகளைச் சேர்த்து வெஃப்ட் என்பார்கள். ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்து உளவியல் பேராசிரியர் சாமுவேல் ரென்ஷா இது உதவாது என்றார். நாலையும் பார்த்து முடிப்பதற்குள் விமானம் தலைக்கு மேல் வந்துவிடும். அவர் திரையில் விமானப் படத்தை ஒரு நொடியில் நூறில் ஒரு பங்கு நேரம் மட்டும் மின்னவைத்து, மொத்த உருவத்தை ஒரே பார்வையில் பிடிக்கப் பழக்கினார். அமெரிக்கக் கடற்படை அந்த முறையை எடுத்துக்கொண்டது. அப்படியும் 1944 ஜூனில் நார்மண்டியில் இறங்கும்போது, சொந்த ஆட்களே சுட்டுவிடக் கூடாது என்று நேசநாட்டு விமானங்களின் இறக்கையிலும் உடலிலும் கறுப்பு வெள்ளைப் பட்டைகள் அடித்துக்கொண்டுதான் போனார்கள்.

ஆக தாதா கட்சிக்கு ரென்ஷா இருக்கிறார். நான் இன்னும் என் கட்சியை விடவில்லை. அவசரத்துக்கு மொத்த உருவம் சரி. எங்களுக்கு என்ன அவசரம்? காந்தி ரோட்டில் யாரும் யாரையும் சுடப் போவதில்லை. மொத்தமாகப் பார்த்தால் பெயர் தெரியும். துண்டாகப் பார்த்தால் ஏன் அப்படிச் செய்தார்கள் என்று கேட்கத் தோன்றுகிறது. எனக்கு அந்தக் கேள்விதான் வேண்டும். இப்போதெல்லாம் வானத்தில் போவதைப் போனில் பார்த்தாலே வகை, பதிவெண், எங்கிருந்து எங்கே என்று எல்லாம் வந்துவிடுகிறது. பெயருக்காக ஆடினால் இந்த ஆட்டத்துக்கு அர்த்தமே இல்லை.

தாதா மனைவியுடன் ஊருக்குத் திரும்பிவிட்டார். காட்பாடியில் ரயில் ஏற்றிவிட்டேன், சென்னையிலிருந்து விமானம். இறங்கியதும் வாட்ஸ்அப்பில் தான் வந்த விமானத்தின் இறக்கை நுனியை ஜன்னல் வழியாக எடுத்து அனுப்பியிருந்தார். ஆட்டம் இப்போது மூன்று பேருக்கும் நடுவில் போனிலேயே நடக்கிறது.

கடைசியாக வந்த வழக்கு அக்கா பெண் வெட்டியது. அப்துல்லாபுரத்தில் இருக்கும் நம் வேலூர் விமான நிலையம், சின்ன ஊர்களுக்கு விமானம் விடும் அரசின் உடான் திட்டத்தில் சேர்ந்ததிலிருந்து அவளுக்குச் சின்ன விமானங்கள் மேல் கண். துண்டில் விமானமே இல்லை. தரை, கொஞ்சம் நிழல், மேலிருந்து இறங்கி நிற்கும் ஒரு கம்பம். நான் பார்த்ததும் கையை விரித்தேன். ஏ.டி.ஆர். 72 என்றாள். அதில் பயணிகள் ஏறுவது பின் கதவு வழியாக. முன்னால் இருப்பது சரக்குக் கதவு. ஆட்கள் எல்லாம் பின்னால் கூடும்போது வால் தரையில் உட்கார்ந்துவிடக் கூடாது என்று அடியில் ஒரு முட்டுக் கொடுப்பார்கள். காரணம் கச்சிதம். ஆனால் முட்டுக் கம்பம் விமானத்தின் பாகமா? அது போக, 747 சரக்கு விமானத்துக்கும் வாலடியில் முட்டு வைப்பார்கள். நான் செல்லாது என்றேன். தாதா, அந்தக் கம்பத்தின் உயரத்தைப் பார், 747இன் வால் இவ்வளவு தாழ்வாகவா இருக்கும், துண்டு செல்லும் என்று கொல்கத்தாவிலிருந்து குரல் பதிவு அனுப்பியிருக்கிறார். உயரம் தெரிய வேண்டுமானால் பக்கத்தில் ஒரு ஆளோ சக்கரமோ இருக்க வேண்டும், இதில் ஒன்றும் இல்லை என்று பதில் போட்டிருக்கிறேன். நிழலை அளந்து பாருங்கள் மாமா என்கிறாள் அவள். ஸ்கேலை எடுத்து வைத்திருக்கிறேன். படம் எடுத்த நேரத்தை முதலில் சொல்லட்டும்.